பிள்ளையைக் காப்பதும் பெற்றோரைத் தாங்குவதும்: நீலகிரியில் அலுவலகங்கள் இணையும் இடங்கள்

நீலகிரி மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஆபத்து நேரும்போதும், ஒரு குடும்பம் தன் பிள்ளையை வளர்க்க வழியின்றித் தடுமாறும்போதும், தலையிட வேண்டிய கடமை எந்த ஓர் அலுவலகத்துக்கும் தனியாக இல்லை. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், தலைமையாசிரியர், காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, சமூக நலத் துறை, தொழிலாளர் துறை, சட்டப் பணிகள் ஆணைக்குழு, அரசு மருத்துவமனை, தொண்டு நிறுவனங்கள் எனப் பலருக்கும் அதில் பங்கு உண்டு. இவர்களுக்குத் துறை வேறு, மேலதிகாரி வேறு, பதிவேடும் வேறு. ஆகவே இந்த ஏற்பாட்டின் வலிமையை அளக்க விரும்புவோர், தனித்தனி அலுவலகங்களின் செயல்பாட்டைவிட, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஒரு குழந்தையைப் பற்றிய செய்தி எவ்வளவு விரைவாகவும் பத்திரமாகவும் போய்ச் சேர்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மலையில் அந்தக் கைமாற்றத்தை இரண்டு காரணங்கள் கடினமாக்குகின்றன. ஒன்று தொலைவு. மற்றொன்று, வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெற்றோர் மனத்தில் உறைந்திருக்கும் அச்சம்.

சட்டத்தின் அமைப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே இதற்கெல்லாம் அடிப்படை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்புக் குற்றவியல் நடுவருக்குரிய அதிகாரம் இதற்கு உண்டு. சட்டத்தோடு முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும், சிறார்களின் வழக்குகளை, ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் அமர்ந்த இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கிறது. வீட்டுக்குச் சென்று விசாரிப்பது, அறிக்கை எழுதுவது, உதவித்தொகைக்குப் பரிந்துரைப்பது போன்ற அன்றாட வேலைகள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகினுடையவை. அதன் பணியாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவர்கள் என்பதை நினைவில் கொள்வது நல்லது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருந்தாக வேண்டும். 2021இல் செய்யப்பட்ட திருத்தம், இந்த ஏற்பாடு முழுவதையும் மேற்பார்வையிடும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் வைத்தது.

உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்கள் கொண்ட இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 7.35 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். சமவெளி மாவட்டங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் மாவட்ட அலுவலகங்கள் உதகையைச் சுற்றியே அமைந்திருக்க, கூடலூரிலிருந்து உதகைக்கு வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்க வேண்டும். பந்தலூரிலிருந்து புறப்படுவோருக்குத் தொலைவு இன்னும் கூடும். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும். ஒரு குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் சட்டம், பயண நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. விதிவிலக்கு நியாயமானதே. ஆனால் பந்தலூர் வட்டத்தின் எருமாட்டிலோ அய்யன்கொல்லியிலோ உள்ள ஒரு தாய்க்கு உதகைப் பயணம் என்பது ஒரு நாள் கூலியை இழப்பது, பேருந்துக் கட்டணம் கொடுப்பது, வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தையை நினைத்து வழியெல்லாம் கவலைப்படுவது ஆகிய மூன்றும் சேர்ந்தது. குழு கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன் குழந்தையை நிறுத்தலாம் என்ற வழியும் சட்டத்தில் இருக்கிறது. மலைக்கு இது மிகவும் பொருந்தும் வழி.

ஆபத்தை முதலில் காண்பவர்கள் அதிகாரிகள் அல்லர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலோ, படுகர் ஊர்களான ஹட்டிகளிலோ, பணியர் பழங்குடியினரின் குடியிருப்புகளான பாடிகளிலோ ஒரு குழந்தை எடை குறைந்து வருவதை அங்கன்வாடிப் பணியாளர் காண்கிறார். கர்ப்பிணி ஒருத்தி பரிசோதனைக்கு வராததைக் கிராம சுகாதாரச் செவிலியர் கவனிக்கிறார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, தொடர்ந்து வராத பிள்ளை யார் என்பது காலைச் சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் சீக்கிரமே மலையேறிவிடுவதால், தோட்டப் பகுதியில் இந்த உணவு பசியை ஆற்றுவதோடு பிள்ளையைத் தினமும் ஒருவர் கண்ணில் படவும் வைக்கிறது. தோட்டங்களில் பெண் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்தும் கடமை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொட்டே நிர்வாகத்தின் மீது இருந்துவந்திருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் மூத்தோர் பிள்ளைக்காம்பரா என்று சொல்லும் அந்த இடத்தில் இருக்கும் ஆயாவுக்குத் தெரியாத வீட்டுக் கதை அந்த லைனில் அநேகமாக இராது. ஆனால் அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் அவரோடு நின்றுவிடுகிறது. யாரிடம் சொல்வது, சொன்னால் தன் வேலைக்கு என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துரைப்பதில்லை. இந்த ஏற்பாட்டில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடிய இடைவெளி இதுவே என்று நான் கருதுகிறேன்.

கற்பனையாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் தாய் கொழுந்து பறிக்கிறார். தந்தை குடிக்கு ஆட்பட்டு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பதினான்கு வயது மகள் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். உறவுக்காரர் ஒருவர் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று பேச்செடுக்கிறார். இந்த ஒரு வீட்டில் இடைநிற்றல் கல்வித் துறையைச் சேர்ந்தது. பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் என்பது குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூக நல அலுவலரைச் சேர்ந்தது. குடிநோய் மருத்துவமனையைச் சேர்ந்தது. தாய் அடிபட்டால் அது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலரைச் சேர்ந்தது. திருமண ஆபத்தில் இருக்கும் சிறுமி என்ற வகையில் அவள் குழந்தைகள் நலக் குழுவையும் சேர்ந்தவள். ஐந்து துறைகளும் தத்தம் வேலையைத் தனித்தனியே ஒழுங்காகச் செய்தாலும் அந்தக் குடும்பம் மீளாமல் போகலாம். ஆசிரியர் வந்து பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார், இன்னொரு நாள் அலுவலர் வந்து திருமணம் செய்தால் வழக்கு என்கிறார், மற்றொரு நாள் காவலர் வந்து தந்தையை எச்சரிக்கிறார். தம்பியைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது என்ற ஒற்றைக் கேள்விக்கு எவரிடமும் பதில் இல்லையென்றால், அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்குப் போய்விட்டு மறுபடியும் நின்றுவிடுவாள்.

இதே குடும்பத்துக்குத் துறைகள் சேர்ந்து செயல்பட்டால் வரிசையே மாறும். தம்பிக்கு அங்கன்வாடியிலோ தோட்டக் காப்பகத்திலோ இடம் உறுதிசெய்வது முதல் வேலை. வீட்டிலிருந்து பள்ளி தொலைவாக இருந்தால் போக்குவரத்து வசதியையோ கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா போன்ற உண்டு உறைவிடப் பள்ளியையோ ஏற்பாடு செய்யலாம். ஆனால் விடுதிக்கு அனுப்புவது தாயும் மகளும் விரும்பி ஏற்றதாக இருக்க வேண்டும். தந்தைக்குச் சிகிச்சை, தாய்க்கு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் ஆலோசனை, வேண்டுமானால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் என்பவை தொடரலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகார அமைப்புச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமலே இலவச சட்ட உதவி வழங்குகிறது என்பது தோட்டப் பகுதியில் இன்னும் பரவலாகத் தெரியவில்லை. திருமணப் பேச்சைத் தடுப்பது இவற்றுக்கெல்லாம் நடுவே நடக்க வேண்டிய வேலை. அதை மட்டும் தனியாகச் செய்தால் பேச்சு ரகசியமாகி, திருமணம் எல்லை கடந்து வேறொரு மாநிலத்தில் நடந்துவிடும் வாய்ப்பும் உண்டு.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குழந்தை இல்லத்துக்குப் போகாமல் குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்க இடமுண்டு. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகள், கடும் நோயால் செயலிழந்த பெற்றோரின் பிள்ளைகள் முதலியோர் இதற்குத் தகுதியானவர்கள். ஊரகப் பகுதிக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாள் கூலியை 300 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் ஆண்டுக்கு 90,000 ரூபாய் ஆகிவிடுகிறது. அதாவது, தனியொருத்தியாய் நின்று கொழுந்து பறித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றும் தாய், உழைக்கிறார் என்ற காரணத்தாலேயே வரம்புக்கு வெளியே தள்ளப்படுகிறார். இந்த வரம்பு மறுபரிசீலனை செய்யப்பட வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. எந்தக் குடும்பம் எந்தத் திட்டத்துக்குப் பொருந்தும் என்று பார்த்து, இறப்புச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேடித்தரும் ஒருவர் உடனில்லாவிட்டால், இந்தத் தொகைகள் அரசாணையோடு நின்றுவிடும். பழங்குடி மக்களிடையே சான்றிதழ் இல்லாமையே பல உதவிகளுக்குத் தடையாக இருந்துவருகிறது.

பெற்றோரின் அச்சத்துக்கு வருவோம். குழந்தைகள் நலக் குழு என்ற பெயரைக் கேட்டதும், பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிடும் அலுவலகம் என்றே பலர் புரிந்துகொள்கின்றனர். சட்டம் சொல்வது வேறு. குழந்தையைப் பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்பதும், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மேற்கொள்ளும் கடைசி நடவடிக்கை என்பதும் அதன் அடிப்படைக் கோட்பாடுகள். பிள்ளையை வளர்க்க இயலாது என்று ஒப்படைக்க வரும் பெற்றோருக்கும், ஆலோசனை அளித்த பின், மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாத கால அவகாசம் தருகிறது. கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் தண்டனை விதிக்கும் 75ஆம் பிரிவுகூட, தம் கட்டுப்பாட்டுக்கு மீறிய சூழலால் பெற்ற தாய் தந்தையர் குழந்தையைக் கைவிட நேர்ந்திருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது என்கிறது. வறுமையைக் குற்றமாகப் பார்க்காத இந்தச் சட்டத்தின் கண்ணோட்டம், கதவைத் தட்டும் அலுவலரின் முதல் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். ‘பிள்ளை ஏன் ஸ்கூலுக்கு வரல?’ என்று அதட்டிக் கேட்பதற்கும், ‘உங்களுக்கு என்னம்மா கஷ்டம், நாங்க என்ன செய்யணும்?’ என்று கேட்பதற்கும் நடுவே ஒரு குடும்பத்தின் ஒத்துழைப்பே அடங்கியிருக்கிறது.

எல்லா வீட்டிலும் இந்த மென்மை போதாது என்பதும் உண்மை. பாலியல் வன்முறை நடந்திருக்கும்போது சமரசத்துக்கு இடமே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் பற்றி அறிந்த எவரும் புகார் தர வேண்டும் என்கிறது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர் ஒருவர், சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும். சிறுமியைப் பரிசோதிப்பவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் விதிகள், வழக்கு முடியும்வரை குழந்தையோடும் குடும்பத்தோடும் உடன் நிற்க ஓர் ஆதரவாளரைக் குழு நியமிக்க வழிசெய்தன. நான் முதலில் குறிப்பிட்ட கைமாற்றம் மிக நெருக்கமாக நடப்பது இங்கேதான்: காவல் நிலையம், மருத்துவமனை, குழு, நீதிமன்றம் என்று சில நாட்களில் நான்கு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குழந்தை அதே கொடுமையை மறுபடி விவரிக்க நேர்ந்தால், சட்டம் தந்த பாதுகாப்பே வலியாக மாறிவிடும். ஆதரவாளர் முதல் நாளே வந்துவிட்டால், இதைப் பெருமளவு தவிர்க்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் சம்பாதிப்பவராக இருந்தால், அவர் சிறை சென்ற அன்றே அடுப்பு அணைந்துவிடுகிறது. அந்தத் தாய்க்கு உடனடியாக நிவாரணத் தொகையும் உணவும் கிடைக்காவிட்டால், சில மாதங்களில் பிறழ்சாட்சி சொல்லும்படி நெருக்குதல் வரும். தாயைத் தாங்காமல் குழந்தைக்கு நீதி வாங்கித்தர முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

துறைகளின் கடமைகள் ஒன்றோடொன்று மோதும் இடமும் ஒன்று உண்டு. பதினெட்டு வயது நிறையாத பெண் கர்ப்பமாக மருத்துவமனைக்கு வந்தால், மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இளவயதில் சேர்ந்து வாழத் தொடங்கும் வழக்கம் உள்ள சமூகங்களில், வழக்குக்கு அஞ்சிப் பெண்ணை மருத்துவமனைக்கே அனுப்பாமல் மறைக்கும் நிலை இதனால் உண்டாகிறது. இரத்தசோகையும், கூடலூர்ப் பழங்குடி மக்களிடையே காணப்படும் சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோயும் சேர்ந்துகொள்ளும் இடத்தில் இந்த மறைப்பு உயிருக்கே ஆபத்து. கருக்கலைப்பு தொடர்பாக 2022 செப்டம்பர் 29 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தரும் தகவலில் அவளுடைய அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது. ஆனால் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளத் தீர்மானித்தவர்களுக்கு இந்த வழி பயன்படாது. எனவே செவிலியர், மருத்துவர், குழந்தைகள் நலக் குழு, சமூக நல அலுவலர் ஆகியோர் சிகிச்சை எந்தக் காரணத்தாலும் தடைபடாது என்ற உறுதியை முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, அதன்பின் சட்டப் பணியைத் தொடங்குவது பற்றித் தமக்குள் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இப்படிப் பேசிவைக்காத இடங்களில், செவிலியரைக் கண்டாலே பெண்கள் ஒளிந்துகொள்ளும் நிலை வரும். ஆண்டுக்கணக்கில் அவர் சேர்த்துவைத்த நம்பிக்கை ஒரே வழக்கில் போய்விடும்.

பழங்குடி மக்களிடையே அரசு அலுவலகங்களுக்கும் குடும்பங்களுக்கும் நடுவே பாலமாக நிற்பவை நெடுங்காலமாக அங்கேயே வேரூன்றிய அமைப்புகள். கோத்தகிரியில் 1958இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், 1986இல் கூடலூரில் பணி தொடங்கிய அக்கார்டும், அதன் தொடர்ச்சியாக எழுந்த அஸ்வினி பழங்குடியினர் மருத்துவமனையும், வித்யோதயா பள்ளியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர் போன்ற சமூகங்களைச் சேர்ந்த பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருப்பதால், அலுவலர் ஒருவர் பல முறை சென்றும் கேட்க முடியாததை அவர்கள் ஒரே உரையாடலில் கேட்டுவிடுகிறார்கள். அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட பாலம் இல்லை. மொழி தெரியாத அந்தப் பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டிலும் அங்கன்வாடிக் கணக்கிலும் எளிதில் விடுபட்டுப் போகிறார்கள். தோட்ட நிர்வாகமும் தொழிலாளர் துறையும் தங்களிடம் உள்ள பெயர்ப் பட்டியலைக் கல்வித் துறையோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே இந்த விடுபடலில் பாதி தீரும்.

மலைக்கே உரிய இன்னொரு வகை, உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள். 1858இல் தொடங்கிய லவ்டேல் பள்ளி முதல் இன்று வரை, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் இங்கே பல. பெற்றோர் தொலைவில் இருப்பதால், விடுதியில் நடப்பதை அறிய அவர்களுக்குப் பள்ளி நிர்வாகத்தைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவையும் ஆய்வையும் கட்டாயமாக்கியது. பள்ளி தனக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்ளும் உரிமை பாலியல் குற்றங்களில் எந்தப் பள்ளிக்கும் கிடையாது. எத்தனை புகழ் பெற்ற பள்ளிக்கும் இது பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை விடுதித் தொலைபேசியின் அருகே எழுதி வைப்பதும், அதில் தனிமையில் பேசவிடுவதும் செலவில்லாத காரியங்கள். 1996இல் மும்பையில் தொடங்கிய அந்த உதவி எண், 2023 முதல் மாநில அரசுகளின் பொறுப்பில் இயங்குகிறது.

ரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தையின் பெயர், பள்ளி, முகவரி ஆகியவற்றை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. நாளிதழ்கள் இதைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கின்றன. ஆனால் முப்பது நாற்பது வீடுகள் உள்ள ஹட்டியில் காவல் துறையின் ஜீப் ஒரு வாசலில் நின்றாலே பெயர் வெளியாகிவிடும். வாகனத்தைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து செல்வது, பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ சந்திப்பது, துறைகளுக்கிடையே உள்ள வாட்ஸ்அப் குழுக்களில் குழந்தையின் பெயரைப் போடாமல் இருப்பது போன்றவை சிறிய ஒழுங்குகளே. இவற்றைக் கடைப்பிடிக்காததால் ஊரை விட்டே குடும்பங்கள் வெளியேற நேரும்.

குழந்தை வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வேலையின் கடினமான பகுதி தொடங்குகிறது. இல்லத்திலிருந்து அனுப்பும் உத்தரவோடு கோப்பு மூடப்பட்டுவிட்டால், அந்த வீட்டில் முன்பிருந்த குடியும் கடனும் அப்படியே இருக்கும். தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டியவர்கள் உள்ளூரில் இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமையில் அமைந்த கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் இதற்காகவே ஏற்பட்டவை. தோட்டப் பகுதிகளில் அவை உயிரோட்டத்தோடு இயங்க வேண்டுமானால், தோட்டத்தின் மேஸ்திரி, தொழிற்சங்கப் பெண் பிரதிநிதி, காப்பக ஆயா ஆகியோர் அதில் அமர வேண்டும். கூட்டம் கொழுந்து எடை போட்டு முடிந்த மாலை நேரத்தில் நடக்க வேண்டும்.

அதேபோல், குழந்தையைக் கொண்டுவர இயலாத சூழலில் குழந்தைகள் நலக் குழுவே புறப்பட்டுச் சென்று, குழந்தைக்கு வசதியான இடத்தில் அமர்வு நடத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் சொல்கின்றன. இந்த விதியை விதிவிலக்காக வைத்திராமல், கூடலூரிலும் பந்தலூரிலும் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் அமர்வு என்று வழக்கமாக்கலாம். அதே நாளில் அதே கட்டடத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரும், சமூக நலத் துறையினரும், சான்றிதழ் வழங்கும் வருவாய்த் துறையினரும் இருந்தால், ஒரு தாய் ஒரு நாள் கூலியை மட்டும் விட்டு நான்கு வேலைகளை முடித்துக்கொண்டு அன்று மாலையே வீடு திரும்பலாம். இதற்குப் புதிய சட்டமோ புதிய பதவியோ தேவையில்லை. ஆட்சியர் அலுவலகம் தேதிகளைக் குறித்து, ரேஷன் கடை, அங்கன்வாடி, தோட்ட அலுவலகம் ஆகிய இடங்களின் பலகைகளில் எழுதி வைத்தால் போதும்.